வள்ளியம்மா உட்கார்ந்திருந்த அடுப்பு

எங்கள் பிரதேச சபையில் பன்னிரண்டு வருடம் நூலகப் பிரிவில் இருந்தேன். புத்தகத்தை எண்ணப் போனால் புத்தகம் ஒளிந்துகொள்ளாது. அந்தத் தைரியத்தில்தான், வீடமைப்புப் பிரிவுக்கு மாற்றியபோது சரியென்று தலையாட்டினேன். இப்போது புதிதாக அந்த மேசைக்கு வரும் உத்தியோகத்தர்கள் என்னிடம் வந்து, “சேர், குடும்பக் கணக்கு எப்படி எடுக்கிறது?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. பனி

முதல் வேலை வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் தேத்தண்ணீர் கிடைக்கிறது. பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, ஒரே வரிசையில் உள்ள பழைய லயம். அந்த மக்களுக்குத் தனி வீடு கட்ட இருபத்துநான்கு துண்டுக் காணி ஒதுக்கியிருந்தார்கள், துண்டுக்கு ஏழு பேர்ச். குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பம் என்றால் யார்? தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று சுற்றறிக்கை சொன்னது. ஆக, நான் போய் அடுப்பை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

என் வாப்பாவுக்கு ஹட்டன் டவுனில் பாத்திரக்கடை. தோட்டத்து ஆட்கள் வந்து சட்டி பானை வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று ஒரு நினைப்பு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, இடுப்பில் அளவு நாடா. அளவு நாடா எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதற்கு வந்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. காம்பரா காம்பராவாகப் போய் “எத்தனை அடுப்பு?” என்று மட்டும் கேட்டேன்.

எல்லாக் காம்பராவிலும் ஒரே பதில்தான். “ஒன்னுதாங்க சேர்.”

கடைசிக் காம்பரா வள்ளியம்மாவுடையது. கொழுந்து பறிக்கிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. அந்த ஒரே அறையில் அவரோடு மூத்த மகன் குடும்பம், இளைய மகன் குடும்பம், மொத்தம் பத்துப் பேர். முன்பக்க இஸ்தோப்பில், திண்ணையின் ஒரு மூலையில், மடித்த சாக்கின் மேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. ஹட்டன் பக்கத்துக் குளிரில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

“எத்தனை அடுப்பும்மா?”

“ஒன்னுதாங்க. உள்ளுக்க இருக்கு.”

அவருக்குப் பின்னாலிருந்து மெல்லப் புகை எழும்பியது.

“என்னம்மா அது, புகையா?”

“பனிங்க சேர்.”

நான் ‘ஒன்று’ என்று எழுதிக்கொண்டு, “பனியில உட்காராதீங்கம்மா, சளி பிடிக்கும்” என்று புத்தி வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி, தகரத்தைப் போட்டு, சாக்கைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சூடு தாங்கிக்கொண்டு எனக்குப் பதில் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

2. குட்டி போடும் அடுப்பு

எங்கள் செயலாளர் கம்பளைப் பக்கத்துச் சிங்கள அம்மா. தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். என் அறிக்கையை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, அடுப்பு பன்னிரண்டு. ஆள் தொண்ணூத்தாறு. ஒரு அடுப்பில எட்டு ஆள். இது லயமா, ஆஸ்பத்திரியா?”

“அவங்க அப்படித்தான் சொன்னாங்க மேடம்.”

“சரி. பன்னிரண்டு வீடு போடுறேன். மாச முடிவில லிஸ்ட் மூடணும். மிச்சக் காணி வேற டிவிஷனுக்குப் போகும். பிறகு அழக்கூடாது.”

பன்னிரண்டு பெயரோடு அறிவித்தல் லயத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. யாரோ போனில் படமெடுத்து அனுப்ப, காலையில் பெயர் பதிய பெரட்டுக்குப் போன ஆட்களெல்லாம் மலையிலேயே அதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் சபை வாசலில் முப்பது பெண்கள். முன்னால் வள்ளியம்மா.

“வீடு குடுக்கத்தான் எண்ணுனீங்களா? அத மொதல்ல சொல்லக்கூடாதா சேர்? எண்ண வந்தவங்க எல்லாரும் எதையாவது ஒடைச்சிட்டுத்தான் போயிருக்காங்க. போன தடவ வந்தவங்க சமைக்கக் கூடுதலா கட்டுன குசினியெல்லாம் ஒடைச்சாங்க. நீங்களும் நாடாவோட வந்தீங்க.”

இடுப்பில் தொங்கிய அளவு நாடாவை நான் அன்றைக்குத்தான் கழற்றி மேசைக்குள் போட்டேன்.

திரும்பவும் எண்ணப் போனேன். இந்த முறை நாற்பத்தொரு அடுப்பு. காம்பராவுக்குள் அடுப்பு, இஸ்தோப்பில் அடுப்பு, கோழிக்கூட்டுக்குள் ஓர் அடுப்பு, குடைக்குக் கீழே ஓர் அடுப்பு. நாலைந்து அடுப்புக்கு வைத்திருந்த கல், எங்கள் சபை வடிகான் வேலைக்காக ரோட்டோரம் இறக்கியிருந்த கல். அதை நான் காணாதது போல் இருந்துவிட்டேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “போன கிழமை பன்னிரண்டு. இந்தக் கிழமை நாற்பத்தொன்று. அடுப்பு குட்டி போடுதா தம்பி?”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நேரே கேட்டால்தானே ஏமாற்றுகிறார்கள் என்று, விடியற்காலையில் எதிர் மலையில் ஏறி நின்று புகையை எண்ணினேன். நாற்பத்தொரு புகை. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லயம் தேயிலைத் தொழிற்சாலை மாதிரி புகைந்துகொண்டிருந்தது. எதிர் மலைக்குப் போகும் குறுக்குப் பாதையை முந்தின நாள் நான் விசாரித்ததே அந்த லயத்து ஆளிடம்தான். கீழேயிருந்து இரண்டு பேர் எனக்குக் கைகூடக் காட்டினார்கள்.

3. கூரையைத் தொடாத சுவர்

மாச முடிவுக்கு மூன்று நாள் இருந்தது. வள்ளியம்மாவின் காம்பராவுக்குப் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டேன். கோப்பைத் திறக்கவில்லை.

“உண்மையச் சொல்லுங்கம்மா. நாற்பத்தொன்னு எழுதினா சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. உண்மையான குடும்பத்துக்கு வீடு இல்லாமப் போயிரும்.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “மூத்தவனுக்கு ஒன்னு, சின்னவனுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு. மூணுதாங்க உண்மை. ஆனா என்னைய மூத்தவன் பேருக்குக் கீழ போட்டுறாதீங்க சேர். முப்பது வருசமா ஆள் மேல ஆள் படுக்குற காம்பராவுல இருக்கேன். எனக்குன்னு ஒரு கதவு வேணும். உள்ளுக்கருந்து நான் பூட்டுற மாதிரி.”

“கோழிக்கூட்டுல இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அதுவும் அவதான் வச்சா” என்று ஒரு குரல் தலைக்கு மேலே கேட்டது. நான் துள்ளி எழுந்தேன்.

பக்கத்துக் காம்பரா ராசம்மா. இவர்கள் இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. ராசம்மாவின் கோழி ஒன்று வள்ளியம்மாவின் குழம்பில் முடிந்ததாக ஒரு வழக்கு, தீர்ப்பு இன்னும் வரவில்லை. குரல் வந்த வழியை நிமிர்ந்து பார்த்தேன். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. மேலே இரண்டு அடி திறந்த வெளி. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். மூன்று கிழமையாக ஏறி இறங்கிய நான் அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினேன்.

மறுநாள் எல்லாரையும் பிள்ளைக்காம்பராவில் கூட்டினேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது, நாங்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடித்து உட்கார்ந்தோம். எதற்கு எண்ணுகிறோம் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, “உங்க அடுப்பை நீங்க சொல்ல வேணாம். பக்கத்துக் காம்பராவுல எத்தனைன்னு சொல்லுங்க” என்றேன்.

பத்து நிமிடத்தில் கணக்கு ஓடியது.

“நாலாம் நம்பர்ல ரெண்டுங்க. பெரியவ கொழம்புல உப்பே இருக்காது, சின்னவ கொழம்புல ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கும்.”

“எங்க வீட்டுல மூணு” என்று நாலாம் நம்பர்க்காரர் எழும்பினார்.

“மூணாவதுல நேத்து என்ன ஆக்குனீங்க, சொல்லுங்க பாப்போம்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் காம்பராவுக்கு வரும்போது இருபது சேர்ந்திருந்தது. அந்தக் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா ஒன்றே ஒன்றுதான். ராசம்மா வாயைத் திறந்தால்தான் உண்டு.

அதற்கு முன் வள்ளியம்மாவின் மூத்த மகன் எழுந்தார். “ரெண்டு அடுப்புதாங்க. அம்மா எங்ககூடத்தான் சாப்பிடுறாங்க. தனியா ஆக்குறாங்கன்னு சொன்னா எங்களுக்குத்தானே அசிங்கம்.”

வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் வாயால் அவரும் ‘ரெண்டு’ என்று சொல்லிவிட்டால் நான் எதுவும் செய்ய முடியாது.

ராசம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“சேர், நான் அவகூட பேசுறதில்ல. ஒங்ககிட்டத்தான் சொல்றேன். மூணு அடுப்பு. மகனுங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பொறகு சின்னச் சட்டியில ஒரு பிடி அரிசி போடுவா. ஒரு துண்டு கருவாடு சுடுவா. ஆறு வருசமா அந்த நாத்தத்துலதான் கெடக்கேன். அது அவ அடுப்பு இல்லாம யார் அடுப்பு? அவளுக்குத் தனி வீடு குடுத்து தூரமா அனுப்புங்க.”

பிள்ளைக்காம்பராவே சிரித்தது. மகனும் சிரித்துவிட்டார். வள்ளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“பேசலைன்னாலும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா” என்று என்னிடம் சொன்னார்.

“செவரு பாதியில நிக்குது. நான் என்ன பண்ண?” என்று ராசம்மாவும் என்னிடமே சொன்னார்.

சபை ஊழியன் கண்கலங்கக் கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் இல்லை. இருந்தாலும் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ‘இருபத்துமூன்று’ என்று எழுதினேன்.

அன்று மாலை கடையில் வாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “என்கிட்ட கேட்டிருந்தா உக்காந்த இடத்துல சொல்லியிருப்பேனே மகன். மாமியும் மருமகளும் உலையைப் பிரிச்சு தனியா ஆக்குனா, அன்னைக்கே சட்டி வாங்க இங்கதானே வாறாங்க” என்றார்.

வீடுகள் எழும்பி, எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கியதில் வள்ளியம்மாவுக்கு மேல் துண்டு, ராசம்மாவுக்கு அதற்கு நேர் கீழ்த் துண்டு. காற்று மேலிருந்து கீழே அடிக்கிறது, கருவாட்டு வாசம் நேரே வருகிறது என்று ராசம்மா சபைக்கு எழுதிய மனு இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

புது உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதற்கு எண்ணுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் எண்ணினால், ஒரு மனுஷி நெருப்பின் மேல் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

குடி புகுந்த பிறகு ஒருநாள் வள்ளியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் நீக்கும் சத்தம் கேட்க நன்றாக இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னார். குசினிப் பக்கமிருந்து மெல்லப் புகை வந்தது.

“என்னம்மா, பனியா?” என்றேன்.

“அடுப்புங்க சேர்” என்றார் வள்ளியம்மா. “எழுதிக்கோங்க.”