ஸ்ம்ருதியின் வலது கை

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில், ஸ்ம்ருதிக்கு டிராம்போன் வாய்த்தது திறமையால் அல்ல, கை நீளத்தால். பள்ளி பேண்டில் மற்ற வாத்தியங்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, இழுத்து இழுத்து ஊதும் அந்தப் பித்தளைக் குழாய்தான் மிஞ்சியது. பள்ளி முடிந்ததும் காலேஜுக்குப் போகாமல், "நான் ஜாஸ் வாசிக்கப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தாள். ஜாஸ் உலகத்தின் காதில் அது விழவில்லை.

முதல் வருடம் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையின் குதிரைக்குப் பின்னால் நடந்தபடி வாசித்தாள். குனிந்து பார்த்து நடக்க வேண்டும் என்பதே அங்கே கற்ற பாடம். முதல் ரெக்கார்டிங், ஒரு பிள்ளையார் பாட்டு. அதில் அவள் யானை. இரண்டே பிளிறல். அம்மா அதை வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கு அனுப்பி, "பத்தொன்பதாவது செகண்ட்ல வர்றது நம்ம ஸ்ம்ருதி" என்று எழுதினாள்.

பாரூக் வார நாளில் பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை பியானோக்காரர். அவருடைய ஜாஸ் குழுவில் டிராம்போன் இடம் காலி.

"ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணிப் பாப்போம்மா. செட் ஆச்சுன்னா நீ பர்மனென்ட்."

பாட்டில் அறுபத்து நாலு எண்ணிக்கை சும்மா இருந்துவிட்டு, அவள் தனியாக வாசிக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் இடம் போச்சு.

முதல் தடவை வாசித்து முடித்ததும், ஒலிப்பதிவு செய்த ஆகிப் ஹெட்போனைக் கழற்றினான். "பாய், நடுவுல பொத்து பொத்துன்னு ஏதோ கேக்குது."

கேபிளை மாற்றினார்கள். டிரம்ஸ் பெடலுக்கு எண்ணெய் விட்டார்கள். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியவள் ஸ்ம்ருதிதான். "ஹீட்டர் பைப்பா இருக்கும் அங்கிள்" என்று தரையில் படுத்துக் காதை வைத்தாள். அவள் படுத்திருந்தவரை சத்தமே இல்லை. உட்கார்ந்து வாசித்தால் மறுபடி பொத்து.

மூன்றாவது தடவைக்குப் பிறகு ஆகிப் முடிவுகட்டினான். "டிரம்ஸ்தான் பாய். இன்னைக்கு அது இல்லாமலே எடுத்துடலாம்."

டிரம்ஸ் வாசிக்கும் இனியன் குச்சிகளைப் பையில் போட்டான். அடுத்த தடவைக்காக மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ம்ருதி அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வருடக் கர்னாடக சங்கீத கிளாஸ்! வாயை மூடிக்கொண்டு கையையும் அடக்கிவிட்டால் இடம் அவளுக்குத்தான். இனியன் பை ஜிப்பை இழுத்தான்.

"அங்கிள், அது டிரம்ஸ் இல்ல. நான்தான்." தொடையில் தட்டிக் காட்டினாள். "தாளம் போடாம எனக்கு எண்ண வராது."

"அப்போ இவ்ளோ நேரம் தரையில படுத்து எதைம்மா தேடின?" என்றார் பாரூக்.

இனியன் குச்சிகளை மறுபடி வெளியே எடுத்தான். அடுத்த தடவை அவள் கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்தாள். நாற்பதிலேயே எண்ணிக்கை தொலைந்தது. திருதிருவென்று விழித்தவளைப் பார்த்து இனியன் புருவத்தை உயர்த்தினான்: இரு, இரு, இப்போ! மரத்துப்போன கையை உருவிக் குழாயை இழுத்தாள். முதல் ஸ்வரம் அதே பழைய யானை. அதற்குப் பிறகு வந்தது பாட்டு.

"அடுத்த ஞாயிறும் வாம்மா. அந்த யானைய மட்டும் வீட்ல விட்டுட்டு வா" என்றார் பாரூக்.

"யானை இருக்கட்டும் டாக்டர்," என்றான் இனியன். "கைதான் வேணாம்."

காரில் காத்திருந்த அம்மாவிடம், இடம் கிடைத்துவிட்டது என்றாள். அம்மா உடனே போனை எடுத்தாள்.

"இதுல எத்தனாவது செகண்ட்ல வர்ற?"