நின்ற தண்ணீரை நம்பாதவர்

குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தம்ளர் காலியாக இருக்கிறது. தண்ணீர் வாளியில் விழுகிறது. "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்கிறார். தாகத்தில் சாகக் கிடக்கிறவனுக்கும் இப்படித்தான் தண்ணீர் கொடுப்பீர்களா என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்கிறார். இவர் வாளியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

எங்கள் தெருவில் அவருக்கு மேட்டுக்காரர் என்று பெயர். தெரு முடிகிற இடத்தில் நகராட்சியின் பழைய குப்பைமேடு இருக்கிறது. குப்பை கொட்டுவதை எப்போதோ நிறுத்தி, மண்ணைப் போர்த்தி, புல்லும் வளர்த்துவிட்டார்கள். பார்வைக்குச் சாது. ஆனால் அதன் அடிவயிற்றில் ஊறிய சாறு நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. அந்தக் கெட்ட நீரை மோட்டார் வைத்து இழுத்து, ஒரு கொட்டகையில் சுத்தம் செய்கிறார்கள். மோட்டார்களைப் பார்த்துக்கொள்வதும், சுற்றுவட்டாரக் குழாய்களிலும் கிணறுகளிலும் சோதனைக்குத் தண்ணீர் எடுத்து அனுப்புவதும் மேட்டுக்காரரின் வேலை.

ஆழ்துளைக் குழாயில் முதலில் வருகிற நீரை அவர் புட்டியில் பிடிக்க மாட்டார். "அது நின்ன தண்ணி. மூஞ்சிக்கு நல்லா பேசும். உள்ள என்ன இருக்குன்னு சொல்லாது." அதையெல்லாம் ஒரு டிரம்மில் விட்டு, சொட்டுகூடத் தரையில் சிந்தாமல் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவார். பிறகு வருவதுதான் புட்டிக்கு. புட்டிகள் ஐஸ் பெட்டிக்கு. அந்தப் பெட்டியில் மனைவி ஒருமுறை மோர் பாட்டிலை வைத்துவிட, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பரீட்சை நன்றாக எழுதினேன் என்று மகள் சொன்னால் காதில் வாங்க மாட்டார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றால், "இது டிரம்முக்கு" என்பார். என் மனைவி இறந்தபின் தெருவில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன் என்றதும் நிம்மதியாகப் போனார்கள். இவர் மட்டும் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்காருவார். மழை, மோட்டார், துருப்பிடித்த வால்வு என்று சுற்றிவிட்டு, "சரி, எப்படி இருக்கீங்க?" என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் சைக்கிள் சத்தம் கேட்டால் இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அவருடைய அக்கா வீடு மேட்டின் வேலியை ஒட்டி இருக்கிறது. அக்கா வீட்டுக் கிணற்றுக்குச் சிமெண்டு மூடி போட்டு, 'குடிக்கக் கூடாது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியவர் இவர்தான். அன்றிலிருந்து அக்கா லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குகிறார். முட்டியில் வலி வேறு. குடம் தூக்கும்போதெல்லாம் தம்பிக்கு அர்ச்சனை நடக்கும். அடுத்தடுத்து இரண்டு சோதனைகளில் கிணறு தேறினால் மூடியை எடுத்துவிடலாம் என்பது விதி. போன சோதனையில் தேறிவிட்டது. அக்கா புதுக் கயிறே வாங்கி வைத்துவிட்டார்.

இரண்டாவது சோதனைக்கு மேட்டுக்காரர் போன அன்று, மூடியை நகர்த்தக் கை கொடுக்க நானும் போனேன். வாசல் கழுவியிருந்தது. கிணற்றைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. மூடியிலிருந்த சிவப்பு எழுத்தைக்கூட ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் வருகிற வீடு போலத்தான் இருந்தது. மூடியை நகர்த்தியதும் மேட்டுக்காரரின் மூக்கு சுருங்கியது. எனக்கே தெரிந்தது. பிளீச்சிங் பவுடர்.

முந்தின நாள் சாயங்காலம் மூடியின் ஓட்டை வழியாக ஒரு வாளி கரைத்து ஊற்றியதாக அக்கா பெருமையாகவே சொன்னார். ஆபீஸ் தண்ணீர் எடுக்க வருகிறது, கிணறு அழுக்காக இருந்தால் யாருக்கு அவமானம்?

மேட்டுக்காரர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, பரீட்சை கெணத்துக்கு. நீ எழுதிட்ட" என்றார்.

பவுடர் போட்டால் கெட்டது கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், உண்மை எதுவென்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, கிணற்றை இறைத்துவிட்டு அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் மறுபடி எடுக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அக்காவின் முகத்தில் பெருமை வடிந்து, வேறொன்று ஏறியது.

"அடுத்த மழையா? நான் இருக்கணுமேடா அதுக்கு. இருக்கறத அப்படியே புடிச்சு அனுப்பு. எவன் கேக்கப் போறான்? கூடப் பொறந்தவன்தானே நீ?"

"கூடப் பொறந்ததாலதான் அனுப்ப மாட்டேன். குடிக்கப் போறது நீ."

அக்கா அதன்பின் சொன்னவற்றை அச்சில் ஏற்ற முடியாது. நாலாம் வகுப்பில் இவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தது முதல், கல்யாணத்தில் அத்தானுக்கு மரியாதை செய்யாதது வரை எல்லாம் வந்தது. மேட்டுக்காரர் என்னோடு சேர்ந்து மூடியை இழுத்துச் சரியாகப் பொருத்தினார். கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அக்கா திட்டிக்கொண்டே குடங்களை எடுத்தார். மேட்டுக்காரர் இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காக்கி உடுப்பும் முழங்கால்வரை ரப்பர் பூட்சுமாகப் போய்ப் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் குடத்தை இடுப்பில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டார்.