ஆமை அளவுப் பச்சைப் பூச்சியும் என் அவரைப் பந்தலும்

நாளை மதியம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். "எங்க மொட்டை மாடி அவரைக்காய்தான் பொரியல்" என்று ஒரு மாதமாகப் பெருமை பேசி வைத்திருக்கிறேன்.

இன்று காலை பார்த்தால் பந்தல் முழுக்கப் பச்சைப் பூச்சிகள். ஒவ்வொன்றும் ஆமை அளவு. ஒரு காய் விடாமல் சாற்றை உறிஞ்சிச் சூம்ப வைத்துவிட்டன.

கடையில் காட்டி மருந்து வாங்கலாம் என்று ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்து, ஒத்தக்கடையில் காளவாசல் பஸ் ஏறினேன். வழியில் பெட்டியை லேசாகத் திறந்தேன். அடித்த நாற்றத்தில் பாதி பஸ் இறங்கிப் போனது.

மருந்துக் கடைக்காரர் திறந்தபோது பெட்டி காலி.

"ஆமை அளவு இருந்துச்சு தம்பி."

"ஆமை எப்படிண்ணே தீப்பெட்டிக்குள்ள போச்சு?" என்றவர், என் சட்டைக் காலரிலிருந்து அதைத் தட்டிவிட்டார். "இப்ப மருந்தடிச்சா நாளைக்கு அந்தக் காயைத் திங்க முடியாதுண்ணே."

ஒத்தக்கடைப் பக்கம் வீட்டில் அவரை காய்த்திருக்கும் புண்ணியவான்களே, ஒரு கிலோ கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள். கடையில் வாங்கச் சொல்லாதீர்கள். சம்பந்தி காய்கறி வியாபாரி. கடைக்காயைப் பார்த்தால் எந்த ஊர் லோடு என்று சொல்லிவிடுவார்.

பின்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.