எலாடியோவின் அறுபது நாள்

எலாடியோவைப் போல வெல்டிங் வைக்கிற ஆள் ஆஸ்திரேலியாவில் எங்கள் மக்காய் ஊரிலேயே கிடையாது. பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து ஒரே வருடத்தில் வந்தவர்கள் நாங்கள் இருவரும். பட்டறைதான் வேறு வேறு. என் மகளுக்கு அவன் ஞானத்தகப்பன். வேலையில் சூரன், வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்கத் தெரியாது.

எங்கள் ஆட்களில் யாருக்காவது நல்லது நடந்தால் விருந்து வைக்காமல் விடமாட்டோம். அவனைச் சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு மாதா கோயில் வாசலிலேயே மடக்கினோம்.

"முழுப் பன்னி வாட்டணும்டா! கோழிய வச்சு ஏமாத்திடாத!" என்று அதிகமாகக் கத்தியவன் நான்தான்.

விருந்து சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை அவன் பட்டறையில் ஒரு பிரிவையே மூடி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் விசா முதலாளியின் கையெழுத்தில் நிற்பது. வேலை போனால் அப்போதெல்லாம் அறுபது நாள்தான் தவணை. அதற்குள் இன்னொரு முதலாளி பொறுப்பேற்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி லுஸ்வியிடம்கூட. பன்றி வந்தது. வெட்கமே இல்லாமல் தின்றோம். வாய் நிறையக் கறியோடு நான் அவனிடம் சொன்னேன்:

"எங்க பட்டறைக்கு ஒரு வெல்டர் வேணும்டா. முதலாளியே விசாவுக்கு எழுதிக் குடுக்குறாராம். ஒரே ஒரு ஆளுதான். தெரிஞ்சவன் இருந்தா சொல்லு."

இன்னொரு துண்டு கறியை வெட்டி என் தட்டில் வைத்தான். "நம்ம ஹெர்சன் வேல தேடிட்டு இருக்கானே, நல்ல பையன்" என்றான். ஹெர்சனுக்கு அந்த வேலை கிடைத்தது.

செப்டம்பரில் ஒரு உதிரிபாகம் வாங்க அவன் பட்டறைக்குப் போனேன். "எலாடியோவா? அவரு போயி ரெண்டு மாசம் ஆகப்போகுதே" என்றாள் மேஜையில் இருந்த பெண். தேதியைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். அறுபதில் ஐந்து நாள்தான் மிச்சம்.

ஊரெல்லாம் தேடி, ஆற்றங்கரையில் அவன் காரைக் கண்டுபிடித்தேன். ஆரஞ்சு வேலைச் சட்டையோடு உள்ளே உட்கார்ந்து, லுஸ்வி கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை ஓங்கி அறைந்தேன்.

"மடப்பயலே! அன்னைக்கே 'நான் வரேன்டா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க எல்லாரும் என்னைய வாழ்த்தித் தின்னுட்டு இருந்தீங்க. அந்த நேரத்துல எப்பிடிடா சொல்லுவேன்?"

நான் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலைக்கு அங்கங்க எழுதிப் போட்டிருக்கேன். லுஸ்விகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ யாருக்கும் சொல்லிடாத. கெஞ்சிக் கேக்குறேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. சரி என்றேன்.

அந்த ஐந்து நாளும் வாயைத் திறக்கவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வேலையை அவன் முன்னாலேயே இன்னொருவனுக்குக் கொடுத்தது நான் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

அறுபதாம் நாள் விமான நிலையத்தில் லுஸ்வி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வழியனுப்ப வந்த எங்கள் ஊர்க்காரி கொன்சோலா அக்கா, அவர்கள் உள்ளே போனதும் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நேத்து ராத்திரிதான் எனக்குத் தெரியும். சக்கரை ஆலையில வேல பாக்குற என் தம்பி போன வாரம் பூரா ஒரு வெல்டர் கெடைக்காமத்தான் அலைஞ்சான். விசாவுக்கும் எழுதிக் குடுக்குறாங்க. நீயும் நேத்துதான் கேள்விப்பட்டியாப்பா?"

"ஆமாக்கா" என்றேன்.