பதினோராம் கட்டிலின் பட்டு இழை

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. கட்டட ஓவர்சீயர் கண்ணாயிரம் அன்று பென்சிலால் எழுதிய நோட்டை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1968, மே மாதம். காஞ்சிபுரம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே காசநோய் வார்டில் இரண்டு வரிசையாக இருபது கட்டில்கள், கிழக்குக் கோடியில் நர்ஸ் மேசை. ஒன்றும் இருபதும் மேசையோரம், பத்தும் பதினொன்றும் மேற்குச் சுவரோரம். ஒன்பது வருஷத்தில் அந்த மேசையில் உட்கார்ந்த நர்ஸுகள் நாலு பேர். நாலு பேருக்கும் அதே நோய் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதாக வந்து உட்கார்ந்தவள் கலாவதி, கண்ணாயிரத்தின் கூடப் பிறந்த தங்கை.

"வேலய வுட்டுடும்மா," என்றார் அவர்.

"நான் வுட்டா இன்னொருத்தி வந்து குந்துவா. நீ ஓவர்சீயராச்சேண்ணா, இந்தக் காத்து எங்க போவுதுன்னுதான் பாரேன்."

சுருக்கென்று தைத்தது அவருக்கு. நோய் காற்றில் வருகிறது. காற்றின் வழி தெரிந்தால் எந்த ஜன்னலைத் திறப்பது, எதை அடைப்பது என்று பிளான் போட்டுவிடலாம். வெள்ளையடிக்க நோயாளிகளைக் கொட்டகைக்கு மாற்றிய நாளாகப் பார்த்து அனுமதி வாங்கினார்.

ஊதுபத்திப் புகை சீக்கிரம் கலைந்துவிடும். தறி ஓடும் ஊரில் அதைவிட நல்ல கருவிக்கா பஞ்சம்? சாயம் போடாத பட்டு இழை, மூச்சுப் பட்டாலே அசையும். கட்டிலுக்கு ஒன்றாகக் கொசுவலைக் கம்பியில் முழ நீளம் தொங்கவிட்டார். மேசைக்கு மேலே விளக்கு ஒயரில் ஒன்று. ஆக இருபத்தொன்று.

முதலில் எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடினால் எல்லா இழையும் ஆடாமல் தொங்க வேண்டும். பிறகுதான் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்ப்பது.

பிற்பகல் 2.40. விசிறிகளை நிறுத்தினார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினார். வெளியே கத்தரி வெயில், இலைகூட அசையவில்லை.

இருபது இழைகள் ஆடாமல் தொங்கின.

பதினோராம் கட்டிலில் மட்டும்... ஆடியது.

மேற்குச் சுவர்ப் பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

அவருக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கேயோ சந்து இருக்கிறது என்று சுவரைத் தடவிப் பார்த்தார். விரிசல்கூட இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு 28. நோட்டில் எழுதினார்.

2.46. நிமிஷத்துக்கு 40.

2.51. இரண்டு ஆட்டம்... நிறுத்தம். மூன்று ஆட்டம்... நீண்ட நிறுத்தம்.

2.53.

நின்றுவிட்டது.

அப்பாடா என்றுகூட அவரால் நினைக்க முடியவில்லை. பன்னிரண்டாம் கட்டிலின் இழை எழும்பியது. அது அடங்க, பதின்மூன்று. பிறகு பதினாலு. யாரோ உரசிக்கொண்டு நடந்து போவதுபோல...

பதினெட்டு.

பத்தொன்பது.

இருபது.

மேசைக்கு மேலிருந்த இழை கலாவதியின் நாற்காலியை நோக்கி விறைத்து நீண்டது.

கிறீச்...

காலி நாற்காலி.

அதிலிருந்து மூச்சு இரைக்கும் ஒரு குரல். "க்ஹ்... காத்து..."

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வராந்தாவில் இருந்த கலாவதி தண்ணீர் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"யாரோட மூச்சுண்ணா இது?"

"என்னாது?"

"28, 40, அப்பறம் வுட்டு வுட்டு... சாவப் போறவங்களுக்குத்தான் இப்டி எழுதுவோம்."

அவர் நேரே போய் பழைய பிளானை எடுத்து விரித்தார். பதினோராம் கட்டிலின் தலைமாட்டில், மேற்குச் சுவரில், ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. ஒன்பது வருஷம் முன்பு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கிழக்கு வாசலில் நுழையும் காற்று கட்டில்களைக் கடந்து அதன் வழியேதான் வெளியேறியிருக்க வேண்டும். அடைத்த பிறகு, இருமலையும் சுமந்துகொண்டு மேசைக்கே திரும்பியிருக்கிறது.

வார்டு ஆயா அங்கம்மாள்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"பதினொண்ணுல பரமசிவம்னு ஒரு நெசவாளி இருந்தாரு ஐயா. ஜன்னல் கம்பியில அரக்கு நூலு ஒண்ணு கட்டிவெச்சிக்கினு, அது ஆடறதயே பாத்துக்கினு இருப்பாரு. அப்ப இருந்த நர்ஸம்மா, சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்குதுன்னு ஜன்னல அடைக்கச் சொல்லிட்டாங்க. காத்து வுடும்மா, காத்து வுடும்மான்னு கத்தினாரு. மறுநாள் மத்தியானம் போயிட்டாரு. மொதல்ல நோவு வந்தது அந்த நர்ஸம்மாக்குத்தான்."

ஜூன் 12, காலை 10.15. கொத்தனார் சுவரை உடைத்தார். கண்ணாயிரம், கலாவதி, அங்கம்மாள் மூவரும் அங்கேயே நின்றார்கள். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாருக்கும் நோய் வரவில்லை. கலாவதி நல்லபடியாக இருக்கிறாள். ஆனால் கண்ணாயிரம் இன்றும் தூக்கத்தில் எழுந்து உட்காருவது வேறு ஒன்றுக்காக.

செங்கல்லை எடுத்ததும் கம்பி தெரிந்தது. கம்பியில் அரக்கு நூல், நேற்றுக் கட்டியதுபோல. அங்கம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"கம்பியில கட்டினதோட சரி ஐயா. தொங்கற நூல்ல முடிச்சே கெடையாது. தெனம் கம்பியத் தொடச்சவ நானு..."

தொங்கிய நூலில் நாலு முடிச்சுகள் இருந்தன. நாலும் இறுகக் கட்டியவை.

ஐந்தாவதற்குச் சுருக்குப் போட்டிருந்தது... இன்னும் இழுக்கவில்லை.