நடுவர் கையைப் பார்க்கிறவள்

எங்கள் அக்கா மகள் வசந்தாமணிக்கு நியூஜெர்சியில் ஒரு நாற்காலி உண்டு. பார்சிப்பனி பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. அதன் ஜிம்மில் மல்யுத்தம் நடக்கிற மெத்தை விரிப்புக்கு, அவர்கள் சொல்கிற ‘மேட்’டுக்கு, பக்கத்தில் ஒரு நீள மேசை போட்டிருப்பார்கள். அதில் இடமிருந்து இரண்டாவது நாற்காலி அவளுடையது. நாற்காலி முதுகில் ‘வசந்தா’ என்று காகிதம் ஒட்டியிருக்கும். பின்பாதியைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

வசந்தாமணி உடுமலைப்பேட்டையில் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். திருமூர்த்தியைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குக் கிடைத்தது வேலை பார்க்கக் கூடாத விசா. ஒன்பது வருடம் அப்படியே போயிற்று. சும்மா இருக்கிற சாதி இல்லை அவள். லைப்ரரியில் புத்தகம் அடுக்கினாள், கோயிலில் சாம்பார் கிளறினாள், பள்ளிக்கூடத்தில் யாராவது ‘வாலன்டியர்’ என்று வாயைத் திறந்தால் இவள் கை மேலே இருக்கும். கிரீன் கார்டு வந்து ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

மகள் ரோஷினி பத்தாம் வகுப்பில் பெண்கள் மல்யுத்த அணியில் சேர்ந்தாள். பரதநாட்டியம், வயலின் எல்லாம் ஆறு ஆறு மாதம் பார்த்துவிட்டு வந்து நின்ற இடம் இது. அணியில் பிள்ளை இருந்தால் பெற்றவர்கள் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். வசந்தாமணியைத் தின்பண்டக் கடையில் நிறுத்தினார்கள். முதல் நாளே புள்ளி எழுதுகிற அம்மாளுக்குக் காய்ச்சல். "யாருக்குக் கையெழுத்து நன்றாக வரும்?" என்று கோச் கேட்டிருக்கிறார். மறுபடி அந்தக் கைதான். ஒரே வாரத்தில் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள். பிரிட்ஜ் கதவில் காய்கறிப் பட்டியல் இருந்த இடத்தில் புள்ளிப் பட்டியல் வந்துவிட்டது.

நான் அங்கே போயிருந்த குளிர்காலத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எனக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

"மாமா, ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. ஒருத்தி இன்னொருத்தியக் கீழ போட்டு மேல இருந்து கன்ட்ரோல் பண்ணினா டேக்டவுன். அதுக்கு மூணு பாயின்ட். முன்னாடி ரெண்டுதானுங், போன வருஷம் மூணாக்கிட்டாங்க. கீழ இருக்கறவ தப்பிச்சு வெளிய வந்துட்டா எஸ்கேப், ஒண்ணு. தப்பிக்காம, மேல இருக்கறவளையே புரட்டிப் போட்டு இவ மேல வந்துட்டா ரிவர்சல், ரெண்டு."

"மல்லாத்திட்டா முடிஞ்சுதா?"

"மல்லாத்தினா மட்டும் போதாதுங். முதுகுல தோள்பட்டை எலும்பு ரெண்டும் மேட்டுல படோணும். முழுசா ரெண்டு செகண்டு படோணும். அதுதான் ‘பின்’. பின் ஆயிட்டா பாயின்ட்டெல்லாம் பாக்கறதே இல்ல. பத்துப் பாயின்ட் பின்னால இருந்தாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"ஒரு தோள் மட்டும் பட்டா?"

"அது ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கறதுங் மாமா."

ரோஷினி அந்த வருடம் பதினொரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோற்றிருந்தாள். பதினொன்றையும் தன் கையாலேயே எழுதியவள் வசந்தாமணி. பிப்ரவரியில் வந்தது கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் ஒரு வெற்றிகூட இல்லாமல் வருடம் முடிந்துவிடும். ரோஷினி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாளாகச் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் வசந்தாமணியின் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அக்காவைக் கட்டிய கிட்டுசாமி மச்சான் வாலிபால் பந்தயங்களுக்கு நடுவராகப் போவார். ஒருமுறை இறுதி ஆட்டத்தில், கடைசிப் புள்ளிக்கு, அடித்த பந்து அந்தப் பக்கம் விழுந்து ஊரே குதித்துக்கொண்டிருந்தது. மச்சான் விசில் ஊதினார். அடித்தவனின் சட்டை நுனி வலையில் பட்டதாம். வேறு யாருமே பார்க்கவில்லை. எதிர் அணிக்காரனே கேட்கவில்லை. அந்தச் சட்டை என்னுடையது. இரண்டு வருடம் நான் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த மனிதருக்குப் பிறந்தவள்தான் இவள் என்பது ஞாபகமிருக்கட்டும்.

ஆட்டத்தன்று சாயங்காலம் காரில் திருமூர்த்தி ஓட்ட, வசந்தாமணி முன்னால், நானும் ரோஷினியும் பின்னால். ரோஷினி ஒரு கையில் போன், வாயில் சூயிங்கம். கால் மாற்றிப் போடும்போது அவள் ஷூ என் முழங்காலில் பட்டது. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சூயிங்கம் பாட்டுக்கு மென்றபடி இருந்தது. மனிதர் மேல், புத்தகத்தின் மேல், எதன் மேல் கால் பட்டாலும் நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் கை தானாகப் போகும். வசந்தாமணி பழக்கிய பழக்கம்.

"அம்மா, ப்ளீஸ், டோன்ட் லுக் அட் மீ டுடே. ஐ கெட் நெர்வஸ்" என்றாள் ரோஷினி.

"நான் எங்கடி உன்னப் பாக்கறேன்? எனக்கு ரெப்ரீ கையப் பாக்கறதுக்கே டைம் பத்தறதில்ல."

"பதினோரு மேட்ச்ல இவ ஒண்ணக்கூடப் பாத்ததில்லைங்க மாமா" என்றார் திருமூர்த்தி. "நான் வீடியோ எடுத்துத்தான் காட்டறேன்."

மேசையில் வசந்தாமணிக்குப் பக்கத்து நாற்காலி, வந்திருக்கிற அணியின் புள்ளி எழுதுகிறவளுக்கு. அன்றைக்கு வந்தவள் பெயர் டோனா. வெள்ளைக்கார அம்மாள், வாய் ஓயாதவள், இரண்டு நிமிடத்தில் தன் மூன்று பிள்ளைகளின் எடையையும் சொல்லிவிட்டாள். இருவரும் தனித்தனி நோட்டில் எழுத வேண்டும். வித்தியாசம் வந்தால் உள்ளூர் நோட்டுதான் செல்லும், அதாவது வசந்தாமணியின் நோட்டு. மேசையில் உட்கார்ந்தவர்கள் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. பெற்ற பிள்ளையே மேட்டில் இருந்தாலும்.

ரோஷினியின் கணுக்காலில் பச்சைப் பட்டை, எதிராளிக்குச் சிவப்பு. நடுவரின் ஒரு மணிக்கட்டில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு. எந்தக் கையில் எத்தனை விரல் உயர்கிறதோ அந்த நிறத்துக்கு அத்தனை புள்ளி. அதனால்தான் வசந்தாமணியின் கண் அந்தக் கைகளை விட்டு நகராது.

மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். முதல் சுற்றில் சிவப்புப் பட்டைக்காரி ரோஷினியைக் கீழே போட்டாள். மூன்று. ரோஷினி திமிறி எழுந்தாள். ஒன்று. இரண்டாவது சுற்றில் சிவப்புக்காரி மறுபடி கீழே போட்டாள். ஆறுக்கு ஒன்று.

"பன்னெண்டாவதும் போச்சுங் மாமா" என்றார் திருமூர்த்தி. போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இருப்பா, ஆட்டம் முடியட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, கீழே கிடந்தவள் ஒரு புரட்டுப் புரட்டினாள். மேலே ரோஷினி! இரண்டு. மூன்றாவது சுற்றில் ரோஷினி கீழிருந்து தொடங்கினாள். ஐந்து நொடியில் வெளியே வந்தாள். ஒன்று. ஆறுக்கு நான்கு. ஒரு நிமிடம் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சுற்றினார்கள். பிறகு ரோஷினி பாய்ந்து காலைப் பிடித்தாள் பாருங்கள், சிவப்புப் பட்டைக்காரி சாய்ந்த மரம் மாதிரி விழுந்தாள். மூன்று. ஏழுக்கு ஆறு. பதினைந்து நொடிதான் பாக்கி.

அத்தோடு விட்டாளா? புரட்டி மல்லாத்தியும் விட்டாள். நடுவர் தடாலென்று குப்புறப் படுத்து, மேட்டோடு கன்னத்தை ஒட்டி, அந்தப் பெண்ணின் தோள்பட்டை படுகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஜிம்மே எழுந்து நின்றது.

அப்போது ரோஷினியின் கால் வழுக்கி, சிவப்புப் பட்டைக்காரியின் நெற்றியில் பட்டது.

கை தானாகப் போயிற்று. பிடியை விட்டு, அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

கீழே கிடந்தவள் ஒரு கணம் திகைத்தாள். அவள் நெற்றியை அதுவரை யாரும் அப்படித் தொட்டிருக்க மாட்டார்கள். மறுகணம் உருவிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள். மல்லாந்து இரண்டு நொடிகூட ஆகவில்லை. ‘பின்’னும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று நொடியில் மணி அடித்தது.

சுவரிலிருந்த புள்ளிப் பலகை ஏழுக்கு ஆறு என்றது. ஜிம்மில் கூரை பிய்ந்தது. திருமூர்த்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டா மாமா! ஜெயிச்சுட்டா!" ரோஷினி மேட்டின் நடுவே இரண்டு கையையும் தூக்கி நின்றாள். அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மேசையில் வசந்தாமணி எழுந்து நின்றாள். கை மேலே இருந்தது.

நடந்தது இதுதான். ரோஷினி கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று டோனா வாயைப் பிளந்து பார்த்திருக்கிறாள். பலகைக்குப் பொத்தான் அழுத்துகிற பையனும் அதையேதான் பார்த்திருக்கிறான். வசந்தாமணிக்கு அதில் வேடிக்கை என்ன இருக்கிறது? கால் பட்டது, தொட்டுக் கும்பிட்டாள், அவ்வளவுதானே. அவள் கண் நடுவர் கையை விட்டு நகரவில்லை. சிவப்புப் பட்டைக் கையில் ஒரு விரல் உயர்ந்ததைப் பார்த்தது மேசையில் அவள் மட்டும்தான். தப்பித்ததற்கு ஒன்று. ஏழுக்கு ஏழு.

டோனாவின் நோட்டிலேயே அந்த ஒன்று இல்லை. தன் அணிப் பெண்ணுக்குச் சேர வேண்டிய புள்ளியை அவளே விட்டிருந்தாள்.

"இவ எதுக்குங் மாமா எந்திரிக்கறா?" என்றார் திருமூர்த்தி.

எனக்குத் தெரிந்துவிட்டது. கிட்டுசாமி மச்சான் விசிலை வாயில் வைத்தபோது முகம் எப்படி இருந்ததோ, அதே முகம்.

நடுவர் மேசைக்கு வந்தார். நோட்டைக் காட்டினாள். அவர் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஆமாம், கொடுத்தேன் என்றார். பலகையில் ஆறு ஏழானது. கூரைச் சத்தம் அப்படியே அடங்கியது.

"அம்மா! ஆர் யூ சீரியஸ்?" ரோஷினியின் குரல் ஜிம் முழுக்கக் கேட்டது.

வசந்தாமணி உட்கார்ந்து பென்சிலைக் கூராக்கினாள். மேசையிலிருந்து கத்தக் கூடாதே.

சமம் என்றால் ஒரு நிமிடம் கூடுதல். யார் முதலில் புள்ளி எடுக்கிறாளோ அவளுக்கே வெற்றி. ரோஷினி அம்மாவை முறைத்துக்கொண்டே நடுவட்டத்துக்குப் போனாள். அந்தக் கோபம் நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

விசில் ஊதியதும் சிவப்புப் பட்டைக்காரி குனிந்து பாய்ந்தாள். ரோஷினி காலைப் பின்னால் வீசி, அவள் முதுகின் மேல் பாரத்தைப் போட்டு அமுக்கினாள். அப்படியே சுற்றிப் பின்பக்கம் வரும்போது முழங்கால் அந்தப் பெண்ணின் தோளில் இடித்தது. பாதம் கையை மிதித்தது. ரோஷினியின் வலது கை துடித்ததை நான் பார்த்தேன். திருமூர்த்தியும் பார்த்தார்.

"வேண்டாஞ் சாமி! அப்பறம் தொட்டுக்கலாம்! அப்பறம்!" என்று கத்தினார்.

கை பிடியை விடவில்லை. நடுவரின் பச்சைப் பட்டைக் கையில் மூன்று விரல் உயர்ந்தது.

பத்துக்கு ஏழு. முடிந்தது.

நடுவர் ரோஷினியின் கையைத் தூக்குவதற்கு முன், அவள் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு கையைத் தொட்டு ஒற்றினாள். எதையும் விடவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். டோனாவுக்குப் பொறுக்கவில்லை, இது என்ன பிரார்த்தனையா என்று வசந்தாமணியைக் கேட்டாளாம். சாரி சொல்றோம், அவ்வளவுதான் என்றாளாம் இவள், எழுதியபடியே.

எல்லோரும் கலைந்த பிறகு ரோஷினி மேசைக்கு வந்தாள். வருடம் முழுக்க அந்தப் பக்கம் வராதவள்.

"ஷோ மீ."

வசந்தாமணி நோட்டைத் திருப்பினாள். ரோஷினி பன்னிரண்டாவது ஆட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"டிட் யூ ஸீ மை டேக்டவுன்?"

வசந்தாமணியின் முகம் வாடிவிட்டது. "ரெப்ரீ கையத்தான கண்ணு பாத்தேன்."

"அன்பிலீவபிள்! டாட், யூ காட் இட், ரைட்?"

திருமூர்த்தி போனைப் பார்த்தார். கூடுதல் நிமிடம் முழுக்க என் ஸ்வெட்டரையும் அவர் பூட்ஸையும் எடுத்திருந்தார். ஆக, மகள் ஜெயித்ததை அம்மாவும் பார்க்கவில்லை, போனும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோஷினி சோபாவைத் தள்ளினாள். "கம், மா. ஐ வில் ஷோ யூ."

"ஏய், நான் சேலை கட்டியிருக்கேன்டி. விளக்கு வெக்கோணும்."

யார் கேட்கிறார்கள்? சுற்றி வந்து பிடித்து, கார்ப்பெட்டில் சாய்த்து, விட்டுப்போன வேலையையும் சேர்த்து மல்லாத்தினாள். திருமூர்த்தி இந்தமுறை போனை நேராகப் பிடித்திருந்தார். "அப்புச்சி, யூ ஆர் தி ரெப்ரீ!" என்று என்னைப் பார்த்துக் கூவினாள் பேத்தி. முட்டி வலியோடு நான் கார்ப்பெட்டில் படுத்து எட்டிப் பார்த்தேன். தோள்பட்டை இரண்டும் பட்டிருந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணித் தரையில் ஓங்கி அடித்தேன்.

கீழேயிருந்து வசந்தாமணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, நீங்க வேகமா எண்ணிட்டீங்க. ரெண்டு செகண்டு ஆகலீங். இது செல்லாது."