சட்டமன்றத்து மைக்கும் அக்கா வீட்டுப் பாலமும்

ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் யார் பேச வேண்டுமானாலும் முதலில் நான் விரலை அசைக்க வேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். இருபத்தெட்டு உறுப்பினர்கள், அவர்கள் மேசைகளில் இருபத்தெட்டு மைக், பின்னால் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் பொத்தான்கள் நிறைந்த பலகை, பலகைக்கு முன்னால் நான். உறுப்பினர் எழுந்து நிற்பார், சபாநாயகர் அவருடைய தொகுதிப் பெயரைச் சொல்லி அழைப்பார், நான் திறப்பேன். அழைக்காமல் எவ்வளவு பெரிய மனிதர் எழுந்து கத்தினாலும் திறக்க மாட்டேன்.

தெங்கேராவில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டும் கடையில் தொழில் பழகியவன் நான். அங்கே மாப்பிள்ளை வீட்டார் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், பெண் வீட்டார் குறைக்கச் சொல்வார்கள், பூசாரி இரண்டு பேரையும் திட்டிவிட்டு என்னையும் திட்டுவார். சட்டமன்ற வேலை அதைவிட லேசு. இங்கே சபாநாயகர் ஒருவர் சொல்வதைக் கேட்டால் போதும்.

மெர்லிமாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அக்கா இருந்தாள். கித்தா மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்திலிருந்து தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய அதே லைன்வீடு. அங்கே போகும்போதெல்லாம் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். மாநிலத்துக்கு ஒரே ஒரு அவைதான், நாடாளுமன்றத்துக்கு இருக்கிற மாதிரி மேலவை கிடையாது, சபாநாயகரின் வலப்பக்கம் அரசாங்கம், இடப்பக்கம் எதிர்க்கட்சி, பதினைந்து பேர் ஒரு பக்கம் சேர்ந்தால் ஆட்சி என்று நான் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். ஒருமுறை ஆட்கள் பக்கம் மாறி, மேசையில் பெயர்ப்பலகையெல்லாம் இடம் மாறி, எந்தப் பொத்தான் யாருக்கு என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டதையும் சொல்வேன்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், தோட்டத்து லாரி ஓட்டியவர். எதையும் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"இருபத்தெட்டு பேரு வாயும் உன் கையிலதானா?" என்றார்.

"ஆமா மச்சான்."

"அப்படின்னா உங்கக்கா வாயை ஒரு நாளைக்கு அடைச்சுக் காட்டுலா. அப்ப ஒத்துக்கறேன்."

அக்கா கரண்டியோடு வந்தாள். மச்சான் எழுந்து ஓடினார். அப்போது அவரால் ஓட முடிந்தது.

பிறகு சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். டவுனில் இருந்து நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன் வரும். ஆனால் அக்கா வீட்டுக்கு வராது. தோட்டத்துச் சாலையின் குறுக்கே ஒரு பெரிய வாய்க்கால், அதன்மேல் மரப்பாலம். ஒரு மழைக்குப் பாலத்தின் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் மட்டும் போகலாம், அதுவும் ஓரமாக. அதனால் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் ஓட்ட, மச்சான் பின்னால் உட்கார, அக்கா ஒரு பழைய சேலையால் அவரை அந்தப் பையன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். போகும்போது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவருக்குத் தலை நிற்காது. பாலத்தில் அக்கா பின்னாலேயே நடந்து அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பாலத்தைச் செய்துகொடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்டால், வாய்க்கால் அரசாங்கத்தினுடையது, பாலமும் அரசாங்கத்தினுடையது என்றார்கள். அரசாங்க ஆபீசில் கேட்டால், சாலை தோட்டத்தினுடையது, தனியார் நிலத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அக்கா இங்கேயும் அங்கேயும் அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் போனாள். இங்கே எல்லாரும் அவர்களை ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரர், பொறுமையாகக் கேட்பவர். "சட்டமன்றத்தில் வாய்மொழிக் கேள்வியாகக் கேட்கிறேன்" என்றார். பாலம் யாருடையது என்று ஆட்சிக்குழு உறுப்பினர், அதாவது மாநிலத்து அமைச்சர் மாதிரியானவர், எழுந்து நின்று சபையில் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அவைக்குறிப்பில் ஏறிவிடும். அதற்குப் பிறகு எந்த ஆபீசரும் எங்களுடையது இல்லை என்று தள்ளிவிட முடியாது. அக்காவுக்கு இது நன்றாகப் புரிந்தது. இன்னொன்றும் அவளாகப் புரிந்துகொண்டாள். லைன் முழுக்கச் சொல்லியும் வைத்தாள்: "என் தம்பிதான் அங்க மைக்கைத் தொறக்கறவன். நம்ம கேள்வி நிக்காது."

நான் அடித்த பெருமையின் பலன். அப்படியில்லை அக்கா என்று நான் சொன்னபோது, "நீ சும்மா இரு, அடக்கமா பேசறான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கூட்டத்தன்று அக்காவும் லைன் ஆட்களும் வேன் பிடித்து வந்தார்கள். மச்சானுக்கு அன்று டயாலிசிஸ் இல்லை, அவரும் வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்று அக்காவுக்குக் கோபம். என் கண்ணாடி அறையைக் கண்டுபிடித்து மச்சான் கையாட்டினார். நான் ஆட்டவில்லை. வேலை நேரம்.

செங்கோல் வந்தது, எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேள்வி நேரம் ஆரம்பித்தது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. நேரம் முடியும்வரை வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆட்சிக்குழு பதில் சொன்னபின் துணைக் கேள்வி கேட்கலாம். நேரம் முடிந்துவிட்டால் மீதிக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிடுவார்கள், சபையில் ஒன்றும் ஒலிக்காது. எங்கள் கேள்வி வரிசையில் கீழே இருந்தது. டவுனில் கார் நிறுத்த இடமில்லை என்ற கேள்விக்கு ஒருவர் துணைக் கேள்வி கேட்டார். அதே கேள்வியை இன்னொருவர் வேறு மாதிரி கேட்டார். அதற்கு வந்த பதிலோ, அப்பப்பா! கார் நிறுத்தும் இடத்தின் வரலாற்றையே ஆரம்பித்துவிட்டார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனத்துக்குள் நான் திட்டிய திட்டுக்கு மைக் இருந்திருந்தால் வேலை போயிருக்கும்.

எங்கள் ஒய்பியின் தொகுதிப் பெயரை அழைத்தபோது நேரம் முடியும் தறுவாய். நான் திறந்தேன். கேள்வி எண்ணைச் சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "அங்கே வாழும் ஒரு நோயாளி" என்று ஆரம்பித்தார். சபாநாயகர் நேரம் முடிந்தது என்றார். ஒய்பி நிறுத்தவில்லை, ஒரு நிமிடம் கொடுங்கள் என்றார். உட்காருங்கள் என்றார் சபாநாயகர். இவர் மேலும் பேசினார். சபாநாயகர் தலையைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார்.

அடைத்தேன்.

ஒய்பியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. மாடத்தில் அக்கா ஒய்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

இடைவேளையில் கீழே கேண்டீனில் அவர்களிடம் போனேன். மச்சான்தான் ஆரம்பித்தார்.

"உங்கக்கா வாயை அடைக்கச் சொன்னா, ஒய்பி வாயை அடைச்சிட்டியேலா!"

வேனில் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் விட்டிருக்கக்கூடாதா தம்பி? ஒரே ஒரு நிமிஷம்."

"அக்கா, சபாநாயகர் கையைக் காட்டினா நான் அடைக்கணும். அதுதான் என் வேலை. கல்யாண மண்டபமா இது?"

குரலை உயர்த்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விடு, அவன் வேலையை அவன் பாத்தான்" என்று மச்சான் என் தட்டில் ஒரு வடையை வைத்தார். அதைத் தின்ன முடியவில்லை. அக்கா எழுந்து போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள்.

எழுத்தில் வந்த பதிலில், விஷயம் ஆராயப்படுகிறது என்று இருந்தது. ஆராயட்டும். சட்டமன்றம் ஆண்டுக்குச் சில தடவைதான் கூடும். அடுத்த கூட்டத்துக்கு ஒய்பி அதே கேள்வியை மறுபடி கொடுத்தார். கேள்விகளைக் கூட்டத்துக்குப் பல நாட்கள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் ஆபீசர்கள் பதில் தயாரிக்க முடியும். இந்த முறை எங்கள் கேள்வி முதலாவதாக வந்திருந்தது. மச்சானிடம் போனில் சொன்னேன். "அப்ப அன்னிக்கு நீ தூங்கிடாதலா" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. கூட்டத்துக்கு முந்திய வாரம் இறந்துபோனார். டயாலிசிஸ் நாள்கூட இல்லை. காலையில் காப்பி கேட்டார், அக்கா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

சவ வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். இரண்டு இரண்டு பேராகத்தான் போக முடிந்தது. முன்னால் நானும் அந்த மோட்டார் பையனும். பலகை ஆடியது. பையன் அழுதுகொண்டே, "அங்கிள், பிடிச்சுக்குங்க, பிடிச்சுக்குங்க" என்றான். மச்சானைச் சொன்னானா என்னைச் சொன்னானா என்று தெரியவில்லை.

துக்கம் விசாரிக்க ஒய்பி வந்தார். பாலத்துக்கு அப்பால் காரை விட்டுவிட்டு நடந்து வந்தார். கேள்வி ஏற்கனவே அச்சாகிவிட்டது, அதில் உங்கள் கணவர் உயிரோடு இருப்பதாக இருக்கிறது, படிக்கும்போது மாற்றிச் சொல்கிறேன் என்று மலாயில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"மாத்த வேணாம்னு சொல்லு. செத்துட்டாருன்னு சொன்னா, எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. இங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க. அப்படியே படிக்கச் சொல்லு."

மலாயில் சொன்னேன். ஒய்பி சரியென்று தலையை ஆட்டினார்.

கூட்டத்தன்று அக்கா தனியாக வந்தாள், பஸ்ஸில். மாடத்தில் அதே முதல் வரிசை. சபாநாயகர் தொகுதிப் பெயரைச் சொன்னார். நான் திறந்தேன். ஒய்பி படித்தார்: அந்தத் தோட்டத்தில் வாழும் ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர், வாரம் மூன்று முறை, மோட்டாரில் இன்னொருவர் இடுப்போடு சேலையால் கட்டப்பட்டு, உடைந்த பாலத்தைக் கடந்து டயாலிசிஸுக்குப் போகிறார். இந்தப் பாலம் யாருடையது? ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்தார். வாய்க்கால் ஒதுக்கு நிலத்தில் இருப்பதால் பாலம் மாநில அரசின் பொறுப்பு என்றார். புதிய பாலம் கட்ட உத்தரவு கொடுத்தாயிற்று என்றார். பிறகு, அது தாளில் இருந்ததா அவராகச் சொன்னாரா தெரியாது, "அந்த ஐயா இனி மோட்டாரில் போக வேண்டியதில்லை என்று மாண்புமிகு உறுப்பினர் அவரிடம் சொல்லலாம்" என்றார்.

துணைக் கேள்வி உண்டா என்று சபாநாயகர் கேட்டார். இல்லை என்றார் ஒய்பி. அடைக்க வேண்டிய நேரம். கண்ணீர் என் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது, பொத்தான் தெரியவில்லை. மைக் திறந்தே கிடந்து, ஒய்பி மூச்சுவிடுவது சபை முழுக்கக் கேட்டது. சபாநாயகர் கண்ணாடியைப் பார்த்தார். துடைத்துக்கொண்டு அடைத்தேன்.

கேண்டீனில் அக்காவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பாலத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

"அவரு இருக்காருன்னுதானே தம்பி பேசுனாங்க?"

"ஆமாக்கா."

"அதை அப்படியே எழுதி வச்சிருவாங்கல்ல?"

"வார்த்தைக்கு வார்த்தை. யாரும் மாத்த முடியாது."

"அப்ப சரி. அங்கயாவது இருக்கட்டும்" என்றாள் அக்கா. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.